சம்பளம் போடுவது யார், நடந்தது எந்த நாள்

போன வருடம் தெரிந்த அக்கா ஒருவர் ஆறு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் நான்கு வருடம் ரிசெப்ஷனில் இருந்தவர். பிரசவ லீவு முடிந்து திரும்பிய அன்று அவருடைய மேசையில் வேறொரு பொடியன் இருந்தான். அக்காவை லோண்ட்ரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கவில்லை. மாதா மாதம் கிடைக்கும் சேர்விஸ் சார்ஜ் பங்கு மட்டும் பாதியாகிவிட்டது. அந்த ஆறு பக்கத்திலும் 'பாரபட்சம்' என்ற சொல் பதினொரு இடத்தில் இருந்தது, எண்ணிப் பார்த்தேன். ஒரு திகதிகூட இல்லை.

கடிதத்தோடு அவர் முதலில் போன அலுவலகத்தில் இருந்தவர் மூன்று கேள்வி கேட்டாராம். "சம்பளம் பாக்கியா? இ.பி.எஃப். கட்டல்லையா? வேலையால நிப்பாட்டிட்டாங்களா?" மூன்றுக்கும் இல்லை என்றதும், "அப்ப நாங்க என்ன தங்கச்சி செய்யிறது?" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்குக் கோபம். எனக்கும் முதலில் கோபம்தான். ஆனால் அந்த மனிதர் கேட்டவை இலங்கையின் தொழிற் சட்டங்கள் கேட்கும் கேள்விகள். சம்பளம், வேலை நேரம், லீவு, வேலைநீக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. தனியார் வேலைத்தலத்தில் பாரபட்சம் காட்டுவதையே ஒரு தவறாக வைத்து, அதற்கென ஒரு மேசையையும் படிவத்தையும் ஒதுக்கிய பொதுச் சட்டம் கிடையாது. வேலையில் பாரபட்சம் கூடாது என்னும் சர்வதேசத் தொழில் அமைப்பின் 111ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டதுதான். ஆனால் சர்வதேச உடன்படிக்கையை மட்டும் காட்டி இங்கே வழக்குப் போட முடியாது, பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கியிருக்க வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் "ஒரு கம்ப்ளெயின்ட் போடு, கொம்பனி நடுங்கும்" என்பார்கள். அங்கே நடுங்கலாம்.

அதனால்தான் யாராவது முறைப்பாடு எழுத உதவி கேட்டால் நான் முதலில் கதையைக் கேட்பதில்லை. உங்களுக்குச் சம்பளம் போடுவது யார், நடந்தது எந்த நாள், இந்த இரண்டையும்தான் கேட்பேன். எந்தக் கதவைத் தட்டுவது என்பது முதலாவதில் இருக்கிறது. அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறதா என்பது இரண்டாவதில்.

சம்பளம் போடுவது அரசாங்கம் என்றால் நிலைமை கொஞ்சம் நல்லது. 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றையும் அவை போன்ற காரணங்களையும் வைத்து எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அதே உறுப்புரையின் முதல் பகுதி சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. பதவி உயர்வு, இடமாற்றம் பற்றிய மனுக்கள் பல இந்த முதல் பகுதியில்தான் நிற்கின்றன. 'நான் தமிழன் என்பதால்' அல்லது 'நான் முஸ்லிம் என்பதால்' என்று நிரூபிக்க முடியாவிட்டாலும், ஒரே தகுதியுள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் நியாயமான காரணமில்லாமல் கொடுத்தார்கள் என்று காட்டினால் போதும். மேலதிகாரியின் மனதுக்குள் புகுந்து அவர் நோக்கத்தைத் தேடுவதை விட இரண்டு பெயர்ப் பட்டியல்களைப் பக்கத்தில் வைப்பது எவ்வளவோ சுலபம்.

கதவுகள் இரண்டு. ஒன்று கொழும்பில் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். அங்கே உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்து நீதிமன்றம். இங்கே அது நாட்டின் தலையாய நீதிமன்றம், நம் ஊரில் இருப்பது மேல் நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் தாக்கல் செய்யலாம்.

மற்றக் கதவு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. திருகோணமலையில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்காது.

இப்போது நாள் விஷயம். உயர் நீதிமன்றத்துக்கு உரிமை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். ஒரே ஒரு மாதம். நான் பார்த்த முறைப்பாடுகளில் ஆதாரம் இல்லாமல் செத்தவை கொஞ்சம், இந்த ஒரு மாதத்தில் செத்தவைதான் அதிகம். ஓர் ஆசிரியருக்கு அநியாயமாக இடமாற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வலயப் பணிப்பாளருக்கு மேன்முறையீடு எழுதுகிறார். பதில் வரும் என்று ஆறு வாரம் இருக்கிறார். பிறகு யாரோ அரசியல்வாதியைப் பிடிக்கலாம் என்கிறார்கள், அதில் இன்னும் இரண்டு மாதம். எல்லாம் முடிந்து சட்டத்தரணியிடம் போனால் அவர் கடிதத்தின் மேலே உள்ள திகதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார். திணைக்களத்துக்குள் எழுதும் மேன்முறையீடு அந்த மணிக்கூட்டை நிறுத்தாது.

நிறுத்தக்கூடியது ஆணைக்குழு. அதை அமைத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான அந்த ஒரு மாதத்தில் சேராது. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய், சட்டத்தரணி பிடித்து, சத்தியக் கடதாசி முடித்து, முப்பது நாளுக்குள் மனுப் போட எத்தனை பேரால் முடியும்? ஊரிலேயே இருக்கும் அலுவலகம் இந்த நாட்களை வாங்கித் தருகிறது என்பதுதான் அதன் பெரிய பயன் என்று நினைக்கிறேன். ஆனால் இதிலும் ஒரு பொறி. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததா என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. ஆகவே கொடுத்த அன்றே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்க வேண்டும். அழைப்புக் கடிதம், விசாரணைத் திகதி, எதிர்த்தரப்பு அனுப்பிய பதில் என்று வரும் ஒவ்வொரு தாளையும் பைலில் போட வேண்டும்.

ஆணைக்குழு என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசும், விசாரிக்கும், பரிந்துரை சொல்லும். பரிந்துரையைத் திணைக்களம் கேட்காவிட்டால் ஜனாதிபதிக்கு அறிக்கை அனுப்பலாம், அது பாராளுமன்றத்துக்குப் போகும். நீதிமன்றத் தீர்ப்பைப் போல் அதைக் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது.

இதை நம் ஊர் கண்ணால் பார்த்தது. நகரத்தின் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது தொடர்பாக 2018இல் எழுந்த பிரச்சினை, பெயர் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கும். ஆசிரியைகள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள், பரிந்துரை அவர்களுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை அங்கே கடமையேற்க வந்த நாளிலும் பாடசாலைக்குள் பெரிய குழப்பம், விவகாரம் நீதிமன்றப் படிகளும் ஏறியது. யார் பக்கம் நியாயம் என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் இன்னும் ஓய்ந்தபாடில்லை, அதற்குள் நான் போகவில்லை. முறைப்பாடு செய்ய நினைக்கிறவர் பார்க்க வேண்டியது அந்த வருடங்களை. 2018க்கும் 2022க்கும் நடுவில் எவ்வளவு காலம்.

மாகாண அரச ஊழியருக்கு இன்னொரு வழியும் உண்டு. கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு திருகோணமலையில் இருக்கிறது. மாகாணத்துக்கு ஒதுக்கிய விடயங்களில் எடுத்த முடிவை எதிர்த்து மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுப் போடலாம், கொழும்பு பஸ் ஏற வேண்டியதில்லை. அங்கே ஒரு மாதக் கத்தி கிடையாது என்றாலும் காரணமில்லாமல் தாமதித்தால் நீதிமன்றம் முகம் கொடுக்காது. மத்திய அரசின் கீழ் இருப்பவருக்குப் பாதை வேறு. தேசியப் பாடசாலையும் மாகாணப் பாடசாலையும் ஒரே வீதியில் எதிரெதிரே இருக்கலாம், இரண்டிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களின் முறைப்பாடு போகும் இடம் ஒன்றல்ல. நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டிருப்பது யார் என்று பாருங்கள்.

நம் மாவட்டத்தில் மொழியையும் விட முடியாது. திருகோணமலையில் வேலை செய்யும் தமிழ்பேசும் உத்தியோகத்தருக்கு விளக்கம் கேட்டு வரும் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருக்கும், பதில் கொடுக்க ஏழு நாள் என்று கடைசி வரியில் போட்டிருக்கும். அதை வாசிக்க ஆள் தேடுவதிலேயே நான்கு நாள் போய்விடும். வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இதை முறையிடலாம். அதற்காகக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். "கடிதம் எனக்கு விளங்கும் மொழியில் இல்லை, தமிழ்ப் பிரதி தந்தால் பதில் தருவேன்" என்று அந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள்.

சரி, சம்பளம் போடுவது தனியார் என்றால்? மனித உரிமைகள் ஆணைக்குழுவும் அடிப்படை உரிமை மனுவும் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். முதலாளி தனி ஆள் என்றால் இரண்டு கதவும் பூட்டு. நடுவில் ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. அரசாங்கத்துக்குச் சொந்தமான கூட்டுத்தாபனம், சபை, வங்கி போன்றவற்றில் அரசின் பிடி எவ்வளவு ஆழம் என்று பார்த்து, அவை செய்வதையும் அரசின் செயலாகவே நீதிமன்றம் எடுத்ததுண்டு. இன்னும் மங்கலானது மேன்பவர் ஆட்களின் நிலை. அரச நிறுவனத்தின் தரையைக் கூட்டுகிறார், அரச உத்தியோகத்தரின் சொல்லைக் கேட்கிறார், ஆனால் சம்பளச் சீட்டில் இருப்பது எங்கோ கொழும்பு விலாசம் போட்ட ஒரு கொம்பனி. "ஆர் உங்கட முதலாளி?" என்று கேட்டால் கங்காணியின் பெயரைச் சொல்வார். இப்படிப்பட்டவர் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். இலக்கம், அடையாள அட்டை மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டே எங்கும் போக வேண்டும். அவற்றில் இருக்கும் பெயர்தான் எதிர்த்தரப்பு.

தனியார் துறையில் வலுவான ஆயுதம் தொழில் நியாயசபை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அதைப் பற்றிப் பேசுகிறது. வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். எழுத்தில் நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாய்ச்சொல்லில் செய்த ஒப்பந்தத்தையும் அந்தச் சட்டம் ஏற்கிறது. சட்டத்தரணி இல்லாமல் தொழிற்சங்கக்காரரே பேசலாம். எது நீதியும் நியாயமுமோ அப்படிக் கட்டளையிடும் அதிகாரம் நியாயசபைக்கு உண்டு, ஆகவே நிறுத்தியதன் பின்னால் இருந்த பாரபட்சத்தை அங்கே எடுத்து வைக்க இடமிருக்கிறது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடமென்றால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்துவதற்குத் தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. 'ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடு, நல்ல சேர்ட்டிபிக்கட் தருகிறோம்' என்று ஏன் இவ்வளவு அன்பாகக் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். போடாதீர்கள்.

நிறுத்தினால்தான் நியாயசபை. ஒதுக்கி வைத்தால்? பதவி இறக்கினால்? அக்கா மாட்டிக்கொண்ட இடம் அதுதான். சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. வேலையில் வைத்துக்கொண்டே ஆளை நசுக்கும் முதலாளிக்கு, நிறுத்தும் முதலாளியை விடப் பயம் குறைவு.

அந்த ஓட்டைக்குள்ளும் பிடிக்க ஒன்றிரண்டு கயிறு இருக்கிறது. மேலே சொன்ன 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'பிணக்கு' என்பதற்கான வரைவிலக்கணம் அகலமானது. ஒரு தனி ஊழியரின் வேலை நிபந்தனை பற்றிய தகராறும் அதில் அடங்கும். அதைச் சொல்லித் தொழில் திணைக்களத்துக்கு எழுதினால் இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசலாம். பிரசவ லீவு சட்டத்தில் எழுதிய உரிமை: 84 நாள், வாராந்த விடுமுறையும் போயாவும் அதில் கணக்கில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள்தான். கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணமாக்கி ஆளை நிறுத்தவும் முடியாது. பாலியல் தொந்தரவு என்றால் அது தொழில் தகராறே அல்ல, குற்றம். 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லையும் செயலையும் பெயர் சொல்லியே பிடிக்கிறது, ஐந்து வருடம் வரை சிறை. அதற்குப் பொலிஸ். மாற்றுத்திறனாளியை அந்தக் காரணத்துக்காகவே வேலைக்கு எடுக்காமல் விடுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவதைக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தம் முறையற்ற தொழில் நடைமுறை என்கிறது. சாதி, ஊர், தலையில் போடும் துணி, பேசும் தமிழின் ராகம் இவற்றுக்காகத் தனியார் இடத்தில் ஒதுக்கினால் நேரடியாகப் பிடிக்கும் பிரிவு இல்லை. அந்த ஒதுக்கல் எங்காவது சம்பளத்தையோ லீவையோ வேலையையோ தொட்டிருக்கும், தொட்ட இடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

அக்காவின் ஆறு பக்கத்தையும் இப்படித்தான் ஒரு பக்கமாக்கினோம். மடத்தடியில் ஒரு வீட்டு விறாந்தையில், பிள்ளை தொட்டிலில் தூங்கும் நேரத்தில். முதலில் அவர் போனை வாங்கி வட்ஸ்அப்பில் மனேஜர் அனுப்பிய செய்திகளைத் திகதியோடு பார்த்தோம். 'நாளையிலிருந்து லோண்ட்ரி' என்ற செய்தி கிடைத்தது, நாளும் நேரமும் கிடைத்துவிட்டன. அப்புறம் பத்து மாதச் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பி, சேர்விஸ் சார்ஜ் வரியை மட்டும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதினோம். லீவுக்கு முன் ஆறு மாதம், திரும்பிய பின் நான்கு மாதம். அந்தக் கோடு எந்த இடத்தில் சரிகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடிதம் இப்படித் தொடங்கியது: "நான் இன்ன திகதி முதல் இன்ன பதவியில் வேலை செய்கிறேன். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை பிரசவ லீவில் இருந்தேன். இன்ன திகதி வேலைக்குத் திரும்பியபோது இன்னார் இன்ன செய்தி மூலம் என் பதவியை மாற்றினார். காரணம் எழுத்தில் தரப்படவில்லை." பிறகு அந்தத் தொகை வரிசை. கடைசியில் கேட்பது என்ன என்று மூன்று வரி: பழைய பதவி, குறைந்த பணம், காரணம் எழுத்தில். 'மனவேதனை', 'பழிவாங்கல்', 'வஞ்சகம்' எல்லாம் வெட்டுப்பட்டன. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "என்ட கதையே இதில இல்லையே" என்றார். இல்லைதான். வேதனை பொய் என்பதால் வெட்டவில்லை, அந்த மேசையில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் வெட்டினோம்.

முதல் கடிதம் ஹோட்டலுக்கே, பதிவுத் தபாலில். அதன் பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் சேர்த்துத்தான் தொழில் திணைக்களத்துக்கு. நேரில் கொடுக்கும் எதற்கும் நம்முடைய பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்க வேண்டும், முத்திரை இல்லை என்றால் பெற்றவரின் கையொப்பமாவது. அரசாங்க இடத்தில் வேலை என்றால் இன்னொரு வசதி உண்டு. பதவி உயர்வுப் புள்ளிகள், இடமாற்றச் சபையின் முடிவு போன்ற தாள்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் 14 வேலை நாள் என்பது கலண்டரில் மூன்று வாரம். முறைப்பாட்டுக்கு உள்ள ஒரு மாதத்தில் மூன்று வாரம் அதிலேயே போய்விடும். தகவல் வரட்டும் என்று காத்திருக்காமல் இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும்.

சாட்சிதான் கஷ்டம். கூட வேலை செய்பவர்கள் எல்லாம் கண்டிருப்பார்கள், ஒருவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சீசன் முடிந்தால் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் தொழில் அது. அதனால் மனிதச் சாட்சியை நம்பி முறைப்பாட்டைக் கட்டாமல் தாள்ச் சாட்சியில் கட்டுவது நல்லது: டியூட்டி ரோஸ்டரின் படம், சம்பளச் சீட்டு, செய்தி, கடிதம். இதெல்லாம் வேலையில் இருக்கும்போதே சேர்க்க வேண்டியவை. கேட்டுக்கு வெளியே வந்த பிறகு ரோஸ்டரைப் படம் எடுக்க முடியாது.

அக்காவின் விஷயம் இரண்டு தவணைப் பேச்சில் பாதி முடிந்தது. ஹோட்டல் தரப்பில் வந்தவர் பதவி மாற்றம் நிர்வாகத்தின் உரிமை என்றார், அதை யாராலும் அசைக்க முடியவில்லை. ஆனால் கொப்பியில் இருந்த தொகை வரிசையைப் பார்த்ததும், "அக்கவுண்ட்ஸில் ஏதோ பிழை நடந்திருக்கிறது" என்றார். அடுத்த மாதச் சம்பளத்தோடு நான்கு மாத நிலுவையும் வந்தது. அக்கா இன்னும் லோண்ட்ரியில்தான் இருக்கிறார். ரோஸ்டர் ஒட்டிய ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார்.